யார் அந்த மொரூதோ?

என் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒரு பல்லியின் பெயரைத் தெரிந்துகொள்வதற்காக நீங்கள் ஒரு கோடை லீவு முழுவதையும் செலவழித்ததுண்டா? நான் செலவழித்தேன். சுவரில் ஓடும் பல்லி இல்லை, கையடக்கமான ஒரு விளையாட்டுப் பெட்டிக்குள் இருந்த பல்லி. இப்போது என் மகள் கைபேசியில் அதே மாதிரிப் பிராணிகளைப் பிடித்துச் சேர்க்கிறாள். தொட்டவுடன் பெயர், எடை, பிடித்த தீனி எல்லாம் வந்துவிடுகிறது. அவளிடம் இதைச் சொல்ல ஆரம்பித்தேன். "பேரே தெரியாம எப்படிம்மா விளையாடுனீங்க?" என்றாள். பதில் நீளமானது, அவளுக்குப் பொறுமை இல்லை. உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் நாலாம் வகுப்பு முடித்திருந்தேன். எங்கள் ஊர் சேத்தூர். அந்த வருடம் அப்பா தேவதானத்துக்கு மேற்கே ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தார். காவலுக்கு அப்பாவும் அம்மாவும் தோப்பிலேயே தங்கிவிட்டதால், என்னை ராஜபாளையத்தில் பெரியம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். பெரியப்பா ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். பெரியம்மா மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்துத் தெருவில் பேண்டேஜ் துணி மடிக்கப் போவாள். அவர்களுக்கு ஒரே மகள், என்னைவிட ஐந்து வயது மூத்தவள். எனக்கு அக்கா. ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள்.

மில்லில் அதற்கு முந்தைய வருடம் புது மெஷின்கள் இறக்கியிருந்தார்கள். அவற்றைப் பொருத்திக் கொடுக்க ஜப்பானிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து மூன்று மாதம் தங்கியிருந்தார். கரண்ட் போகும் நேரமெல்லாம் அவர் ஒரு சாம்பல் நிறப் பெட்டியைக் கையில் வைத்து அமுக்கிக்கொண்டிருப்பாராம். கிளம்பும்போது அதைப் பெரியப்பா கையில் கொடுத்து, தரையிலிருந்து இவ்வளவு உயரம் என்று கையால் காட்டினாராம். வீட்டிலிருக்கும் பிள்ளைக்கு என்று பெரியப்பா புரிந்துகொண்டார்.

அந்தப் பெட்டியின் திரை, பாசி பிடித்த தொட்டித் தண்ணீர் மாதிரி வெளிறிய பச்சையாக இருக்கும். அதற்குள் வெளிச்சம் கிடையாது. வெயில் விழும் ஜன்னலோரத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒரு வீடு, ஒரு மேஜை, மேஜையில் மூன்று முட்டைகள். அக்கா நடு முட்டையைத் தேர்ந்தெடுத்தாள். அது உடைந்து பல்லி மாதிரி ஒன்று வெளியே வந்தது. பெரிய தலை, குட்டைக் கால், கழுத்தில் ஊதிய பை. எங்களைப் பார்த்து இரண்டு முறை தலையாட்டியது. வேலியில் உட்கார்ந்திருக்கும் ஓணான் அச்சாக அப்படித்தான் ஆட்டும். அதனால் நாங்கள் அதை ஓணான் என்றே கூப்பிட்டோம்.

சண்டையில் ஓணானின் வால் அறுந்து விழும். மறுபடி முளைக்கும்போது முன்பைவிட நீளமாக இருக்கும். வால் அறுந்தால் வருத்தப்படுவதா சந்தோஷப்படுவதா என்று எங்களுக்கே குழப்பம். திரையின் அடியில் ஒரு கட்டத்தில் எழுத்துகள் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாம் ஜப்பான் எழுத்து. யார் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமலே ஊர் ஊராகப் போனோம். அக்கா ஒரு பழைய நோட்டில் வழி வரைந்தாள். குளம், மூங்கில் காடு, பாலம், குகை.

ஓணான் என்ன நிறம் என்று எங்களுக்குள் தீராத சண்டை. அக்கா பச்சை என்பாள். அய்யனார் கோவில் ஆற்றுக்குக் குளிக்கப் போனபோது பாறைமேல் செந்தலை ஓணான் ஒன்றைப் பார்த்ததிலிருந்து நான் சிவப்பு என்று சாதித்தேன். திரையில் இருந்தது கறுப்பும் சாம்பலும் மட்டும்தான். யாரிடம் கேட்பது?

பரீட்சை முடிவு வந்தது. அக்கா இங்கிலீஷிலும் கணக்கிலும் ஃபெயில். ஜூனில் ஒரு தேர்வு வைப்போம், அதில் தேறினால் பத்தாம் வகுப்பு, இல்லையென்றால் மறுபடி ஒன்பது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். பெரியம்மா வாசலிலிருந்தே ஆரம்பித்தாள்.

"நாந்தான் அப்பவே சொன்னேன்ல, இது மண்டையில ஒண்ணும் ஏறாதுன்னு. எந்நேரமும் அந்தப் பொட்டியப் பாத்துட்டு இருந்தா எப்படி வெளங்கும்?"

பெட்டி பீரோவுக்குள் போனது. வாரம் மூன்று நாள் காலையில் ஒரு டியூஷன் சார் வர ஏற்பாடானது. பீரோச் சாவி உப்பு ஜாடிக்குப் பின்னால் இருப்பது அக்காவுக்கு அன்றைக்கே தெரியும். பெரியம்மா பேண்டேஜ் மடிக்கப் போனதும் சாவி வரும், பெட்டி வரும். பேட்டரிதான் பிரச்சினை. பெட்டிக்கு நாலு பென்சில் பேட்டரி வேண்டும். சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒன்று, ரேடியோவிலிருந்து மூன்று கழற்றிக்கொள்வோம். பெரியம்மா வருவதற்குள் திரும்பப் போட்டு, ரேடியோவை மூடி, கடிகாரத்தைக் குத்துமதிப்பாகத் திருப்பி வைப்போம். அந்த மே மாதத்தில் அந்த வீட்டில் சரியான மணி எவருக்கும் தெரியாது. கடிகாரத்தை இரண்டு தடவை ரிப்பேருக்குக் கொடுத்தார்கள். ரிப்பேர்காரர் இரண்டு தடவையும் ஒன்றும் இல்லை என்று சொல்லிப் பெரியம்மாவிடம் ஏச்சு வாங்கினார்.

இனி எழுத்து விஷயம்.

டியூஷன் நோட்டுகளுக்கு அட்டை போட வேண்டுமென்று பெரியப்பா மில்லிலிருந்து ஒரு பழைய புத்தகத்தைக் கொண்டுவந்தார். மெஷினின் உதிரிபாகங்களைப் படம் போட்டுக் காட்டும் புத்தகம். வழவழப்பான தாள். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு அம்புக்குறி, அதன் நுனியில் இங்கிலீஷில் பெயர், அதற்குக் கீழே ஜப்பான் எழுத்தில். அக்கா அட்டை போட்டுக்கொண்டிருந்தவள் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏட்டி, இங்க பாரு. இந்த எழுத்து ஓணான் பேருல வருதுல்லா?"

பார்த்தேன். குறுக்கே இரண்டு கோடு, நடுவில் வளைந்து இறங்கும் ஒரு கோடு. ஆமாம், ஓணான் படத்தின் மேலே எழுதியிருப்பதில் முதல் எழுத்து. இங்கே அது மோட்டார் படத்தின் கீழே இருந்தது.

பெரியப்பாவுக்கு அந்த ஜப்பான்காரர் மாதிரிப் பேசிக் காட்டுவதில் ஒரு பிரியம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு ஆரம்பிப்பார். "அவியளுக்கு மோட்டார் வராது பாத்துக்க, மோதாம்பாரு. ரோலரு ரோரா. பெல்ட்டு இருக்குல்லா, அது பெருதோ! 'பெருதோ, பெருதோ'ன்னு கத்துவாரு. நாங்க எவனோ பெருத்துட்டான்னு சுத்திப் பாப்போம்." நாங்கள் பத்துத் தடவை கேட்டதுதான், அப்படியும் சிரிப்போம். அக்கா அன்று சிரிக்கவில்லை.

"அப்பா, பெருதோவ இன்னொருக்க சொல்லுங்க. நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க."

"பெ. ரு. தோ."

மறுநாள் மத்தியானம் அக்கா அந்தத் தாளை ஜன்னலோரத்தில் விரித்தாள். பெல்ட்டுக்குக் கீழே மூன்று எழுத்து. பெ, ரு, தோ. மூன்று சத்தத்துக்கு மூன்று எழுத்து. மோட்டாருக்குக் கீழே இரண்டு எழுத்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் படுத்த வாக்கில் ஒரு கோடு. ரோலருக்கும் அப்படியே, எழுத்து, கோடு, எழுத்து, கோடு.

"மோ, தா. ரோ, ரா," என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று என் தொடையில் அடித்தாள். "அது கோடு இல்லட்டி, கால்! நம்ம துணைக்கால் இருக்குல்லா? ம-வுக்குக் கால் போட்டா மா. அதே மாதிரி இவிய படுக்கப் போட்டிருக்காக. கோடு வந்தா இழுக்கணும்!"

எனக்கு இப்போதும் அந்த அடி வலிக்கிறது, சந்தோஷமாக. இங்கிலீஷ் அவளுக்கு ஏன் வரவில்லை என்பதும் அன்றைக்கு அவள் வாயிலிருந்தே வந்தது. "இங்கிலீஷ்ல எழுத்து ஒண்ணு, சத்தம் வேற. ஒரே எழுத்து ஒரு எடத்துல பேசும், ஒரு எடத்துல பேசாது. இது நம்ம உயிர்மெய் மாதிரி. எழுதியிருக்கத அப்படியே சொன்னாப் போதும்." ஒன்பது வயதில் எனக்கு அது விளங்கவில்லை. பிறகு எத்தனையோ ஆசிரியர்களைப் பார்த்துவிட்டேன், இதை யாரும் இவ்வளவு எளிதாகச் சொல்லிக் கேட்டதில்லை.

ஓணான் பெயரில் நாலு குறி. முதலில் மோட்டாரின் மொ. அடுத்தது பெல்ட்டின் நடுவில் இருக்கும் ரு. அப்புறம் படுத்த கால். கடைசியில் பெல்ட்டின் தோ.

"மொ... ரூ... தோ."

அக்கா சொன்னாள். நான் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம். திரையில் அது தலையாட்டியது. அது எப்போதும் ஆட்டுவதுதான், ஆனாலும் அன்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்த்தது போலிருந்தது.

அதன் பிறகு அக்காவை யாரும் நிறுத்த முடியவில்லை. புத்தகத்திலிருந்த பாகங்களையெல்லாம் பெரியப்பாவிடம் ஜப்பான்காரர் குரலில் சொல்லச் சொல்லிக் கேட்டாள். மகள் தன் நடிப்பை ரசிப்பதாக நினைத்து அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் டியூஷன் நோட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, ஜப்பான் எழுத்தும் பக்கத்தில் தமிழுமாக நிரப்பினாள். முப்பதுக்கு மேல் எழுத்து சேர்ந்தது. ஆட்டத்தில் எதிர்ப்படும் பிராணிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தோம். ஆனால் கீழ்க்கட்டத்தில் ஓடும் பேச்சு வேறு மாதிரி எழுத்து, கோணமில்லாமல் உருண்டையாக இருக்கும். அது மெஷின் புத்தகத்தில் இல்லை.

அங்கேதான் மாட்டிக்கொண்டோம். குகை வாசலில் ஒரு கிழவர் நிற்பார். மொரூதோவைப் பார்த்து நீளமாக ஏதோ கேட்பார். இரண்டு பதில் வரும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு தடவை மேலே இருந்ததைத் தேர்ந்தெடுத்தோம். கிழவர் மொரூதோவைக் கூட்டிக்கொண்டு குகைக்குள் போய்விட்டார். நான் அழுதே விட்டேன். அக்கா படக்கென்று பெட்டியை அணைத்தாள். நல்லவேளை, திரும்பப் போட்டபோது அது எங்களிடமே இருந்தது. அதற்குப் பிறகு கிழவரைக் கண்டாலே திரும்பி ஓடுவோம். அவர் என்ன கேட்கிறார் என்று தெரியாமல் தாண்ட முடியாது.

நோட்டை டியூஷன் சார் பார்த்தது மே மாதக் கடைசியில். பின்பக்கத்தைத் திருப்பியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நோட்டோடு எழுந்து பெரியம்மாவிடம் போனார்.

"நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீக. இது சங்கேத எழுத்து. பெத்தவியளுக்குத் தெரியாம எழுதிக்கிறதுக்குன்னே பிள்ளைக இப்படிக் கண்டுபிடிக்கும். இங்க பாருங்க, ஒரு பேரு மட்டும் தமிழ்ல திருப்பித் திருப்பி எழுதியிருக்கு."

பெரியம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"ஏட்டி, யாரு அந்த மொரூதோ?"

அக்காவின் முதுகில் ஓர் அடி விழுந்தது.

"எந்தத் தெருக்காரன்? பேரே வெளங்கலையே! எம்புட்டு நாளா நடக்கு இது? சொல்லுட்டி!"

இன்றைக்கு இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. பெரியம்மா அக்காவின் பிடரி முடியைப் பிடித்திருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ இவ கூடத்தான எந்நேரமும் இருக்க. உனக்குத் தெரியுமா அவன் யாருன்னு?"

சொன்னால் பெட்டியை எடுத்தது தெரிந்துவிடும். சாவி, பேட்டரி, கடிகாரம் எல்லாம் வெளியே வரும். எனக்கும் அடி விழும், தோப்புக்குச் சொல்லி அனுப்புவார்கள்.

"தெரியாது பெரிம்மா," என்றேன்.

நோட்டு வெந்நீர் அடுப்புக்குள் போனது. வழவழப்பான மெஷின் அட்டை சீக்கிரம் பற்றவில்லை, நுனி சுருண்டு பச்சையாகக் கொஞ்ச நேரம் எரிந்தது. பெரியப்பா வந்ததும் உள்ளறையில் பேசினார்கள். இனிப் பள்ளிக்கூடம் வேண்டாம், ஜூன் தேர்வும் வேண்டாம், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அத்தை வீட்டில் அக்காவைக் கொண்டுபோய் விடுவது, அங்கே கண்காணிப்பில் இருக்கட்டும் என்று முடிவானது. பெரியப்பா மறுத்துப் பேசவில்லை. அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. பெரியம்மா அதற்கும் அந்த மொரூதோவைத்தான் திட்டினாள்.

அந்த வாரம் மில்லில் ஏதோ ஒரு மெஷின் நின்று, அதே ஜப்பான்காரர் மறுபடி வந்து இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரியப்பா அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். துணைக்கு இங்கிலீஷ் தெரிந்த மில் சூப்பர்வைசரும் வந்தார். மனிதர் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார். வியர்த்துக் கொட்டியது, ஆனாலும் சிரித்துக்கொண்டே இருந்தார். நடுவில் கையால் பெட்டி மாதிரிக் காட்டி ஏதோ கேட்டார்.

"அந்த வீடியோ கேமு இருக்கான்னு கேக்காரு," என்றார் சூப்பர்வைசர்.

"இருக்காதா? பத்திரமா வச்சிருக்கோம்னு சொல்லுங்க," என்று பெரியம்மா பெருமையாகப் பீரோவைத் திறந்தாள். "பிள்ளைக தொட்டு எம்புட்டு நாளாச்சு."

பேட்டரி அன்று உள்ளேயே இருந்தது. நோட்டு எரிந்ததற்கு முந்தின மத்தியானம் அவசரத்தில் நாங்கள் திரும்ப எடுக்க மறந்திருந்தோம். கடிகாரமும் ரேடியோவும் அன்றோடு நின்றுபோயிருந்தன, மறுநாள் நடந்த களேபரத்தில் யாரும் கவனிக்கவில்லை.

அவர் இடது கையால் பெட்டியை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார். பார்த்தார். கண்ணை விரித்தார். சூப்பர்வைசரிடம் விரல்களை மடக்கி மடக்கிக் காட்டினார்.

"எழுபத்திரண்டு மணி நேரம் ஆடியிருக்காகளாம். அதுல பதிஞ்சிருக்காம். குகை வரைக்கும் போயிருக்காகளாம். எழுத்துத் தெரியாம எப்படிப் போனாகன்னு கேக்காரு. யாரு ஆடுனது?"

அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா வெளியே வந்தாள். யாரையும் பார்க்காமல் நேராக அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் திரையில் ஓணான் படத்தின் மேலே விரலை வைத்தார். கேள்வியாகப் பார்த்தார்.

"மொரூதோ," என்றாள் அக்கா.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "மொரூதோ! மொரூதோ!" என்று அவரும் சொன்னார்.

கரண்டியும் கையுமாக நின்ற பெரியம்மா மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். "இதுதானா அவன்?" என்றாள்.

பெரியப்பாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. "ஒரு ஓணானுக்காகவா இம்புட்டு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

எப்படிப் படித்தாய் என்று ஜப்பான்காரர் கேட்டார். அக்கா பெரியப்பாவைப் பார்த்தாள். "மோதா. பெருதோ. ரோரா," என்றாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து ஒரு தாள் கேட்டார். உருண்டை எழுத்துகளை வரிசை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் சொல்லிக் காட்டினார். அக்கா பக்கத்திலேயே தமிழில் எழுதிக்கொண்டாள். முதல் வரிசை நம் உயிரெழுத்து மாதிரியே அ, இ, உ என்று தொடங்கியபோது அவளுக்கு வந்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சூப்பர்வைசர் மூலமாக அவர் பெரியப்பாவிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "இவ தானாப் படிச்ச எழுத்த அவரு பையன் பள்ளிக்கூடத்துல படிக்க ஒரு வருசம் ஆச்சாம்."

நான் அவர் சட்டைக் கையை இழுத்து, ஓணானைக் காட்டி, என் சிவப்பு ரிப்பனையும் ஜன்னலுக்கு வெளியே இருந்த இலையையும் மாறி மாறிக் காட்டினேன். புரிந்துகொண்டார். இரண்டும் இல்லை என்று தலையாட்டிவிட்டு, இலையில் மிச்சமிருந்த ஒரு முழுக் கத்தரிக்காயைத் தொட்டுக் காட்டினார். ஊதா! எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை.

குகைக் கிழவரைப் பற்றியும் கேட்டோம். ஜப்பான்காரர் படித்துப் பார்த்துச் சொன்னதை சூப்பர்வைசர் எங்களுக்குச் சொன்னார். "பிடிச்சுட்டுப் போக வரலையாம் அந்தத் தாத்தா. 'இதுக்கு நான் வித்தை சொல்லித் தாரேன், கொஞ்ச நாள் விட்டுட்டுப் போறியா, பொறவு வந்து கூட்டிக்கோ'ன்னு கேக்காராம்."

வாரக்கணக்கில் நாங்கள் அந்தக் கிழவரைத் திருடன் என்று நினைத்து ஓடிக்கொண்டிருந்தோம்.

பெரியம்மா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நம் காலத்தில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் அதைக் கேட்டு யார் பார்த்தது? அன்று சாயங்காலம் அக்காவுக்குத் தலை பின்னிவிட்டாள், வழக்கத்தைவிட நிதானமாக. திங்கட்கிழமை பெரியப்பா அரை நாள் லீவு போட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஸ்ரீவில்லிபுத்தூர் அத்தை வீட்டுப் பேச்சு நின்றது. டியூஷன் சாரை நிறுத்திவிட்டார்கள். அக்கா ஜூன் தேர்வில் கணக்கில் தேறினாள், இங்கிலீஷில் தேறவில்லை. ஒன்பதாம் வகுப்பை மறுபடி படித்தாள். அவளைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டியிருந்தது. அது அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

கிழவருக்குச் சரி என்று சொல்லி மொரூதோவை விட்டுவிட்டு வந்தோம். அது திரும்பி வருவதற்குள் மாங்காய்ப் பருவம் முடிந்து, அப்பா என்னை சேத்தூருக்குக் கூட்டிப்போய்விட்டார். நான் அதை அப்புறம் பார்க்கவே இல்லை. அக்கா ஒரு படம் வரைந்து பெரியப்பாவிடம் கொடுத்தனுப்பினாள். கழுத்துப் பை இரண்டாகப் பிரிந்து சிறகாகியிருந்தது. ஊதா நிறப் பென்சில் தீரும்வரை தீட்டியிருந்தாள். அந்தப் படம் எந்த வீடு மாறியபோது தொலைந்ததென்று தெரியவில்லை. பெட்டியும் சில வருடங்களில் செத்துப்போயிற்று.

அக்கா இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறாள். தெலுங்கும் மலையாளமும் எழுத்தைப் பார்த்துத் தப்பில்லாமல் அடித்துக் கொடுப்பாள், அர்த்தம் பாதிதான் தெரியும். போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் அவள் கடைக்குப் போனேன். கூட்டம் இல்லை. முப்பது வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அன்று சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு நான் தெரியாதுன்னு சொன்னேன்லக்கா. உண்மையச் சொல்லியிருந்தா உனக்கு அந்த அடி விழுந்திருக்காது. நோட்டும் எரிஞ்சிருக்காது."

அக்கா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்து என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"ஏட்டி, நீ சொல்லிருவியோன்னு நான் உசுரக் கையில பிடிச்சிட்டு நின்னேன். அம்மா பிடரியப் பிடிச்சிருந்தும் உனக்குக் கண்ணக் காட்டுனேனே, சொல்லாத சொல்லாதன்னு. நீ பாக்கலயா?"

பார்க்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எவனோடயோ சேத்துப் பேசுனாப் பேசிட்டுப் போறாக. நீ மட்டும் சொல்லியிருந்தா அம்மா பொட்டியத் தூக்கி அடுப்புல போட்டிருப்பா."

"நோட்டு போச்சேக்கா."

"நோட்டுல இருந்தது அம்புட்டும் என் மண்டைக்குள்ள இருந்துச்சு," என்றாள் அக்கா. "மொரூதோ அந்தப் பொட்டிக்குள்ள மட்டுந்தான இருந்துச்சு."